எட்டும் ஒன்பதும் இல்லாத பெட்டி

இரவு பத்தே முக்கால். சீனக்குடா ஓடுபாதை
என் மேசையில், பதினைந்து அங்குலத் திரையில்.
காற்று கச்சான். ஆகவே இருபத்துநாலு.
கோபுரத்தில் ஆளில்லை.
கொழும்பிலும் இல்லை, சென்னையிலும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்,
இன்றைக்கு இந்தக் கடல் முழுவதற்கும்
ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருவரும் உட்காரவில்லை.

என்ஜின் ஓடுகிறது. விளக்குகள் போட்டாயிற்று.
ட்ரான்ஸ்பொண்டர் மட்டும்
நான்கு வெற்றிடங்களோடு காத்திருக்கிறது:
பேர் வேண்டாம், இலக்கத்தைச் சொல்.

பகலில் நான் இலக்கம் கூப்பிடுகிறவள்.
பெரியாஸ்பத்திரி மருந்துக் கவுண்டர், மூன்றாவது யன்னல்.
நாற்பத்தேழு. நாற்பத்தேழு இல்லையா? நாற்பத்தெட்டு.
மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவருக்கும்
ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஓட்டோவில் வந்தவருக்கும்
அதே மஞ்சள் துண்டு.
இன்றைக்கு எண்பத்தொன்பது, பிரஷர் குளிசை, ஒரு மாதத்துக்கு.
அந்த மனுஷி துண்டை மடித்து மடித்து
ஒரு பல்லளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.
விரித்துப் பார்க்க எனக்கு நேரமெடுத்தது.

இந்தப் பெட்டியில் எண்பத்தொன்பது கிடையாது.
எட்டே கிடையாது. ஒன்பதும்.
பூச்சியத்திலிருந்து ஏழு வரைக்கும்தான் எல்லாம்.
ஆனாலும் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு விதமாக
ஒருத்தி தன்னைச் சொல்லிக்கொள்ளலாம்.
வந்த புதிதில் பிறந்த வருஷத்தை அடித்தேன்.
ஒன்று ஏறியது, ஒன்பது ஏறவில்லை.
போன நூற்றாண்டில் பிறந்த யாருக்கும் இடமில்லை என்று
தனியே இருந்து சிரித்தேன்.
அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கம் ஏறியது.
அதை நானே அழித்தேன்.
எத்தனை சோதனைச்சாவடியில் ஒப்புவித்த இலக்கம்,
நிமிர்ந்தும் பார்க்காத எத்தனை பேரிடம்.
இங்கேயும் அதுவா.

தொடக்கூடாதவை மூன்று.
ஏழாயிரத்து ஐந்நூறு, கடத்தல். பகிடிக்கும் வேண்டாம்.
ஏழாயிரத்து அறுநூறு, குரல் போய்விட்டது.
ஏழாயிரத்து எழுநூறு, ஆபத்து.
பார்க்க ஆளில்லாத இரவில்
ஆபத்து என்று போட்டால் யாருக்குத் தெரியும்?
ஒருதடவை போட்டேன்.
ஓவர்டைம் வெட்டிய மாதம். என்ஜினில் ஒரு கோளாறுமில்லை.
நிலாவெளிக்கு மேலே, ஆறாயிரம் அடியில்,
ஏழு ஏழு பூச்சியம் பூச்சியம்.
ஒரு நிமிஷம் முழுதாய் வைத்திருந்தேன்.
கீழே கடல் தன்பாட்டில் நீலமாய் இருந்தது.
வெட்கம் வந்து மாற்றிவிட்டேன்.

அமெரிக்காக்காரருக்கு ஆயிரத்து இருநூறு,
ஐரோப்பாவுக்கு ஏழாயிரம்.
யாரும் ஒன்றும் தராத இடத்தில் இரண்டாயிரம் போடு என்கிறார்கள்.
போட்டேன். கிளம்பினேன்.

கிண்ணியாப் பாலத்துக்கு மேலே இன்னொரு முக்கோணம்.
அதற்குப் பக்கத்திலும் இரண்டாயிரம்.
ஒரே துண்டோடு யன்னலுக்கு வந்த இரண்டு பேர் மாதிரி.
பகலென்றால் நான் சத்தம் போட்டிருப்பேன்.
பொது அலைவரிசையில், நூற்றிருபத்திரண்டு தசம் எட்டில்
(அந்த எட்டு எப்படியோ இங்கே தப்பி வந்திருக்கிறது)
தட்டச்சினேன்:
சீனக்குடாவிலிருந்து ஏறுகிறேன், இரண்டாயிரத்து ஐந்நூறு அடி.
பதில்: மட்டக்களப்பிலிருந்து வருகிறேன், மூவாயிரத்து ஐந்நூறு. கண்டுவிட்டேன்.
கொஞ்சம் பொறுத்து: இலக்கம் மாற்றவா?
வேண்டாம், என்றேன். கணக்கு வைக்க யார் இருக்கிறார்கள்.
அதுவும் சரி, என்றார், யாரோ ஒரு தவரூபன்.

அவர் என் தலைக்கு மேலால் போனார்.
செட்டையில் சிவப்பு விளக்கு, அடிவயிற்றில் எண்ணெய்க் கறை,
அதைக்கூட யாரோ மினக்கெட்டு வரைந்திருக்கிறார்கள்.
சந்தோஷமாய் இருந்தது என்று சொல்ல நினைத்து
சந்தோ வரை அடித்தேன்.
கரண்ட் போய்விட்டது.

இருட்டில் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தேன்.
அவருடைய திரையில் மட்டும்
என் இரண்டாயிரம்
இன்னும் சில விநாடி நேராய்ப் போயிருக்கும்.